கிளைச் சர்வர் கைமாறும் வாரம்

கிளையில் சர்வர் பழசாகிவிட்டது என்று யாரும் போன் போட்டுச் சொல்வதில்லை. "தம்பி, காலையில சிஸ்டம் உள்ள போகவே பத்து நிமிஷம் ஆகுது" என்பார்கள். "நெட் இருக்கு, ஆனா டேலி திறக்கமாட்டேங்குது" என்பார்கள். இப்படியே சில மாதம் ஓடும். பிறகு ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் பெட்டி எழுந்திருக்காது. அந்த நாளுக்கு முன்னால் முடித்துவிட வேண்டிய வேலையைப் பற்றியது இந்த அத்தியாயம்.

பெட்டியின் வயதைவிட அதில் ஓடும் விண்டோஸ் சர்வரின் வயதுதான் முக்கியம். 2008 ஆர்2 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. 2012 ஆர்2 பதிப்புக்கு 2023 அக்டோபர் 10-ல். 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12 வரைதான். தேதி தாண்டிய சர்வரும் ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வராது. நிறுவனத்தின் எல்லாப் பாஸ்வேர்டுகளின் சாரமும் உள்ள ஒரு பெட்டிக்கு அந்த "மட்டும்" பெரிய விஷயம்.

அத்தியாயம் முழுவதற்கும் ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தலைமை அலுவலகம் காரைக்குடியில். கிளை திருக்கோஷ்டியூரில், முற்றம் வைத்த ஒரு பழைய வளவு வீட்டில். கிளையில் பதினைந்து சிஸ்டம், இரண்டு பிரிண்டர், ஒரு கைரேகை வருகைப் பதிவு இயந்திரம், கேமரா பதிவுப் பெட்டி. இரண்டு ஊருக்கும் நடுவே பிராட்பேண்ட் மேல் ஓடும் விபிஎன். கிளையில் 2012 ஆர்2 சர்வர் ஒன்று. அதுவே டொமைன் கன்ட்ரோலர், டிஎன்எஸ், டிஹெச்சிபி, கோப்பு சர்வர், பிரிண்ட் சர்வர், டேலி இருக்கும் இடம் எல்லாம்.

முதலில்: கிளைக்கு இது வேண்டுமா?

விலைப்பட்டியல் வாங்குவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். 2000-ல் ஆக்டிவ் டைரக்டரி வந்த காலத்தில் கிளைக்கும் தலைமையகத்துக்கும் நடுவே இருந்த லைன் மிகக் குறுகலானது. கிளைக்கு ஒரு டொமைன் கன்ட்ரோலர் வைக்காவிட்டால் காலை லாகின் நகராது. இன்று பதினைந்து பேரின் லாகினுக்கு ஒரு சாதாரண ஃபைபர் இணைப்பு தாராளம். லைன் அறுந்தாலும், ஏற்கெனவே அந்தச் சிஸ்டத்தில் நுழைந்தவர் பழைய பாஸ்வேர்டிலேயே உள்ளே போகலாம். விண்டோஸ் கடைசியாக நுழைந்த பத்துப் பேரின் விவரத்தைத் தன்னிடமே வைத்திருக்கும். எல்லா வேலையும் இணையத்தில் நடக்கிற கிளையானால் டொமைன் கன்ட்ரோலரை எடுத்துவிட்டு, விபிஎன் வழியாகக் காரைக்குடியை நம்பலாம். சிஸ்டங்களை என்ட்ரா ஐடிக்கு மாற்றவும் செய்யலாம்.

நம் உதாரணத்தில் கோப்புகளும் டேலியும் கிளையிலேயே இருக்கின்றன. லைன் போனால் அந்தப் பகிர்வுகளைத் திறக்க அருகிலேயே ஒரு டொமைன் கன்ட்ரோலர் தேவை. ஆகவே வைத்துக்கொள்வோம். ஆனால் எந்த வகை? சர்வர் பூட்டிய அறையில் இருக்கிறதா, மாடிப்படிக்கு அடியில் துடைப்பத்தோடு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. பூட்ட வழியில்லை என்றால் 2008 பதிப்பிலிருந்து கிடைக்கும் 'படிக்க மட்டும்' டொமைன் கன்ட்ரோலர், அதாவது ஆர்ஓடிசி, நல்ல தேர்வு. நீங்கள் அனுமதித்த கிளை ஊழியர்களின் பாஸ்வேர்டு மட்டுமே அதில் தங்கும், நிர்வாகிகளுடையது தங்காது. யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், காரைக்குடியில் அதன் கணக்கை நீக்கும்போதே அதில் தங்கியிருந்த பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒருசேரச் செல்லாததாக்கலாம். சிறு கிளைகளுக்கு நான் பெரும்பாலும் இதையே சொல்வேன். அனுமதிப் பட்டியலில் ஊழியர்களைச் சேர்த்தால் போதாது, அவர்களுடைய சிஸ்டங்களின் கணக்குகளையும் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு, லைன் போன அன்று "புது சர்வர் சரியில்லை" என்று பழி சொல்பவர்கள் உண்டு.

வாங்கும்போது

புதிது என்றால் 2025 பதிப்புதானே என்று கை போகும். கொஞ்சம் பொறுங்கள். 2025 பதிப்பு டொமைன் கன்ட்ரோலராகச் சேர வேண்டுமானால் டொமைனின் செயல்பாட்டு நிலை குறைந்தது 2016 ஆக இருக்க வேண்டும். கிளையில் 2012 ஆர்2 டொமைன் கன்ட்ரோலர் உயிரோடு இருக்கும்வரை அந்த நிலைக்கு ஏற முடியாது. பழையதை முதலில் விலக்கினால்தான் புதியது உள்ளே வரும் என்றால், இரண்டும் சேர்ந்திருக்கும் காலமே கிடைக்காது. அதனால் இந்த மாற்றத்துக்கு 2022 பதிப்பே வசதி. அதற்கு 2031 அக்டோபர் வரை ஆதரவு உண்டு. உரிமம் வாங்கும்போது, பயனர் உரிமங்களான கால்களின் பதிப்பும் சர்வரின் பதிப்புக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கொட்டேஷனில் பெரும்பாலும் விட்டுப்போகிற வரி அதுதான்.

ஸ்டாண்டர்டு உரிமம் ஒரு பெட்டியில் இரண்டு மெய்நிகர் சர்வர்களுக்கு இடம் தரும். அதைப் பயன்படுத்துங்கள்: ஒன்றில் டொமைன் கன்ட்ரோலர், மற்றதில் கோப்பும் டேலியும். டேலி பார்க்க வருகிறவருக்கு நிர்வாகி பாஸ்வேர்டு கொடுக்க வேண்டி வந்தால், டொமைன் கன்ட்ரோலரிலேயே டேலி இருக்கும் அலுவலகத்தில் நீங்கள் கொடுப்பது நிறுவனத்தின் சாவிக்கொத்தை.

பெட்டியை எங்கே வைப்பது? செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தை ஒட்டிய அறைகள் குளிர்ச்சியானவை என்று அங்கே வைக்கத் தோன்றும். ஐப்பசி மழையில் முற்றத்துச் சாரல் எவ்வளவு தூரம் வரும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அந்தக் கனத்த சுவர்களைத் தாண்டி வைஃபை போகாது. சர்வருக்கும் சுவிட்சுக்கும் கேபிள்தான்.

யார் யார் பழையதை நம்பியிருக்கிறார்கள்

இந்த வேலையில் ஆகிற நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். புது சர்வரை நிறுவுவது ஒரு மதிய வேலை. பழைய சர்வரின் ஐபி முகவரியை எட்டு வருடத்துக்கு முன் எந்த இயந்திரத்தில் யார் கையால் அடித்து வைத்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

டிஹெச்சிபி மூலம் முகவரி வாங்கும் சிஸ்டங்களைப் பற்றிக் கவலை இல்லை. ஆறாம் எண் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியை மாற்றினால் அவை தாமாக வந்துவிடும். மாட்டிக்கொள்வது நிலையான முகவரி கொடுக்கப்பட்டவை: பிரிண்டர், கைரேகை இயந்திரத்தின் மென்பொருள் ஓடும் சிஸ்டம், கேமரா பெட்டி, மேலாளரின் மேசையில் இருக்கும் கணினி. (மேலாளர் சிஸ்டத்துக்கு எப்போதுமே ஒரு தனி அமைப்பு இருக்கும். ஏன் என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.) பழைய சர்வரின் டிஎன்எஸ் சேவையில் பிழைத்திருத்தப் பதிவை இரண்டு வாரம் போட்டு வையுங்கள். எந்த முகவரியிலிருந்து கேள்வி வருகிறது என்று வரிசையாகத் தெரியும்.

பயனர் பட்டியலை எல்டாப் முறையில் நேராகக் கேட்கும் இயந்திரங்கள் போர்ட் 389 வழியாக வரும். டைரக்டரி சேவையின் நிகழ்வுப் பதிவில் 2887 என்ற எண் இருந்தால், கையொப்பமில்லாத பழைய பாணியில் யாரோ கேட்கிறார்கள் என்று பொருள். எல்டாப் பதிவின் அளவை இரண்டுக்கு உயர்த்தினால் 2889 என்ற நிகழ்வு அந்த முகவரியையே காட்டும். பெரும்பாலும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலுக்கு அனுப்பும் ஜெராக்ஸ் இயந்திரம்தான் அகப்படும்.

ஸ்கேன் செய்து சர்வர் கோப்புறையில் போடும் பழைய இயந்திரங்கள் எஸ்எம்பி முதல் பதிப்பை மட்டுமே அறிந்தவையாக இருக்கலாம். 2022 பதிப்பில் அது இயல்பாக இருக்காது. அதை வரவழைத்து நிறுவாதீர்கள். 2017-ல் வானாக்ரை உலகம் முழுக்கப் பரவியது அந்த வழியாகத்தான். இயந்திரத்தின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஸ்கேனை யுஎஸ்பியில் எடுக்கச் சொல்லுங்கள்.

டேலி தனிக்கதை. அதன் உரிமம் பழைய பெட்டியோடு கட்டப்பட்டிருக்கும். பழைய சர்வர் இயங்கும்போதே உரிமத்தைத் திருப்பி ஒப்படைத்து, புதியதில் செயல்படுத்த வேண்டும். பெட்டி செத்த பிறகு செய்ய முயன்றால் அலைச்சல். மற்ற சிஸ்டங்கள் உரிமம் கேட்டு வருவது வழக்கமாகப் போர்ட் 9999-க்கு. புது சர்வரின் ஃபயர்வாலில் அதைத் திறந்துவிடுங்கள். இந்தப் பகுதியை மட்டும் மாதத்தின் 11, 20 தேதிகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஜிஎஸ்டிஆர்-1-க்கும் 3பி-க்கும் கெடு அந்தத் தேதிகளில் இருக்கும்போது, கணக்குப் பார்க்கும் அக்காவிடம் "அரை மணி நேரம் டேலி வராது" என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

சேர்ந்திருக்கும் காலம்

பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய லேவாதேவிக் கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டு. மேலாளின் தவணை வழக்கமாக மூன்று வருடம். தவணை முடிந்து புதியவர் வந்தால், கணக்கையும் கடன்காரர்களையும் ஒப்புவித்த பிறகுதான் பழையவர் கப்பல் ஏறுவார். டொமைன் கன்ட்ரோலர் மாற்றத்துக்கும் அதே ஒழுங்குதான்: புதியதும் பழையதும் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் காலம் ஒன்று இருக்க வேண்டும். பழைய பெட்டியின் டிஸ்க்கைப் பிரதியெடுத்துப் புதியதில் ஏற்றுவது, பழைய விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றுவது போன்ற குறுக்குவழிகளில் இந்தக் காலம் கிடைக்காது. அவை வேண்டாம். புது பெட்டி, புது விண்டோஸ், புதுப் பெயர்.

சேர்ப்பதற்கு முன் டொமைனின் உடல்நிலையைப் பாருங்கள். ரெப்அட்மின் கருவியின் சுருக்க அறிக்கையில் தோல்வி பூஜ்யமாக இருக்க வேண்டும். டிசிடயாக் சொல்லும் பிழைகளைத் தள்ளிப்போடாதீர்கள். 2003 காலத்தில் பிறந்த டொமைன் என்றால் இன்னொன்றும் உண்டு: சிஸ்வால் கோப்புறை இன்னும் பழைய எஃப்ஆர்எஸ் முறையில் நகலாகிக்கொண்டிருந்தால் 2019-ஐயும் அதற்குப் பிந்தைய பதிப்புகளையும் சேர்க்க முடியாது. டிஎஃப்எஸ்ஆர் முறைக்கு மாற்றும் வேலை காரைக்குடியிலிருந்து தொடங்கும். தயார், திசைமாற்றம், நீக்கம் என்று மூன்று கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் கிளையின் பழைய சர்வர் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். விபிஎன் மெதுவானால் ஒரு நாளும் ஆகலாம்.

புது சர்வரை நேராகத் திருக்கோஷ்டியூருக்குக் கொண்டுபோகாதீர்கள். காரைக்குடியில் மேசை மேல் வைத்து, அங்கேயே டொமைனில் சேர்த்து, டொமைன் கன்ட்ரோலராக உயர்த்தி, முழு நகலும் இறங்கியதைப் பார்த்த பிறகு காரில் ஏற்றுங்கள். கிளை பக்கத்து மாவட்டத்தைத் தாண்டி இருந்தால்தான், டைரக்டரியின் நகலைக் கோப்பாக எடுத்து அனுப்பி அங்கே நிறுவும் வழி தேவைப்படும். டிஸ்க்கைப் பிட்லாக்கரால் பூட்டிவிடுங்கள். வழியில் திருப்பத்தூரில் சாப்பிட இறங்கினால் ஒருவர் காரிலேயே இருக்கட்டும்.

கிளைக்கு வந்ததும் அதன் ஐபி முகவரியை மாற்றி, சைட்ஸ் அண்ட் சர்வீசஸில் திருக்கோஷ்டியூர் தளத்துக்கு நகர்த்துங்கள். அந்தத் தளத்தோடு கிளையின் சப்நெட் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். சேர்க்கப்படாவிட்டால் சிஸ்டங்கள் எந்த டொமைன் கன்ட்ரோலர் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும்; பக்கத்து அறையில் புது சர்வர் இருக்க, லாகின் மட்டும் காரைக்குடிக்குப் போய்வரும். காலை பத்து நிமிடக் காத்திருப்புக்குப் பல இடங்களில் காரணம் இதுதான். தளங்களுக்கு இடையே நகல் போகும் இடைவெளி இயல்பாக 180 நிமிடம். இன்றைய லைனுக்கு அதை 15 ஆக்கலாம்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். சிஸ்டத்தின் கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் கெர்பரோஸ் உள்ளே விடாது. கிளை சர்வருக்குத் தனியாக நேர மூலம் கொடுக்காதீர்கள். டொமைன் வரிசையிலேயே வாங்கட்டும். உச்சியில் இருக்கும் பிடிசி எமுலேட்டர் மட்டும் தேசிய இயற்பியல் ஆய்வகம் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் நேர சர்வரைப் பார்க்கட்டும். 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் போட்ட உத்தரவும் இந்த இரண்டையே குறிப்பிடுகிறது. அதே உத்தரவு பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. பழைய சர்வரின் நிகழ்வுப் பதிவுகளைப் பிரதியெடுக்காமல் அழித்துவிடக் கூடாது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

உயர்த்தும்போது மீட்புப் பயன்முறைக்கு ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ராமாநுஜர் பதினெட்டு முறை நடந்து வந்து பெற்ற மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னதாகத் திருக்கோஷ்டியூரின் பெருமை. இந்த ஒன்றை மட்டும் அப்படிச் செய்யாமல், தாளில் எழுதி உறையிலிட்டுக் காரைக்குடி இரும்புப் பெட்டியில் வையுங்கள். மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய தாள் கோபுர உச்சிக்குச் சமம்.

மாற்றும் நாள்

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று காலண்டர் பாருங்கள். ஒன்று வரிக் கெடு. இரண்டாவது, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. அதற்குரிய நாளில் பகல் முழுக்க யுபிஎஸ்ஸை நம்ப முடியாது. மூன்றாவது ஊர்க் காலண்டர்: மாசித் தெப்பத்தின்போது சௌமிய நாராயணப் பெருமாள் கோவிலுக்கு விளக்கெடுக்க வரும் கூட்டத்தில் உங்கள் கார் ஊருக்குள் நுழையாது.

காப்புநகல் முதல் நாளே எடுத்திருக்க வேண்டும். டைரக்டரிதான் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் நகலாகியிருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் அனுபவம் போதும். 2017 ஜூன் 27-ல் நாட்பெட்யா தாக்கியபோது அவர்களுடைய சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள் அழிந்தன. ஒன்றுக்கொன்று காப்பு என்று நம்பியிருந்தவை ஒரே நேரத்தில் போயின. மிஞ்சியது ஒன்று, கானா நாட்டுக் கிளையில். தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்தது. கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லாததால், அந்த டிஸ்க்கை நைஜீரியா விமான நிலையத்தில் இன்னொருவரிடம் கைமாற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். உங்கள் கிளையில் மின்தடை சரியான நேரத்தில் வரும் என்று நம்ப வேண்டாம். சிஸ்டம் ஸ்டேட் நகல் ஒன்றை நெட்வொர்க்கில் இல்லாத டிஸ்க்கில் வையுங்கள்.

அன்றைய வேலை நீளமில்லை. டிஹெச்சிபி அமைப்பைப் பழையதிலிருந்து ஏற்றுமதி செய்து புதியதில் இறக்குங்கள். பழையதில் சேவையை நிறுத்துங்கள். பிரிண்டர்களையும் நிலையான முகவரிகளையும் உங்கள் பட்டியல்படி மாற்றுங்கள். பழையதிடம் ஐந்து தலைமைப் பொறுப்புகளில் ஏதாவது இருந்தால் காரைக்குடிக்கு நகர்த்துங்கள். ஆர்ஓடிசி அவற்றை ஏற்காது. எழுதக்கூடியதாக இருந்தாலும் கிளையில் அவை இருக்கத் தேவையில்லை.

பிறகு பழைய சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். அணைக்க வேண்டாம், பதவியிறக்கமும் வேண்டாம், கேபிள் மட்டும். ஒரு வாரம் அப்படியே. காரைக்குடியில் நகல் தோல்வி என்று எச்சரிக்கை வரும், வரட்டும். 180 நாளுக்குள் திரும்பச் சேர்ந்தால் டைரக்டரிக்குப் பிரச்சினை இல்லை. அந்த ஒரு வாரத்தில், நீங்கள் தேடியும் அகப்படாத இயந்திரம் தானாகக் குரல் கொடுக்கும். "தம்பி, அட்டெண்டன்ஸ் ரிப்போர்ட் வரலை" என்று புதன்கிழமை போன் வந்தால் எரிச்சல்படாதீர்கள், அதற்காகத்தான் காத்திருந்தீர்கள். சம்பளக் கணக்கு நாள் ஒன்று அந்த வாரத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது.

வாரம் அமைதியாகக் கழிந்தால் கேபிளைச் சொருகி, நகல் சமன்பட்டதும் முறையாகப் பதவியிறக்குங்கள். டொமைனிலிருந்தும் விலக்குங்கள். நடுவில் பழையது செத்துப்போனால், காரைக்குடியில் அதன் கணினிக் கணக்கை நீக்கினாலே பெரும்பாலான தடயங்கள் போய்விடும். டிஎன்எஸ்ஸில் மிஞ்சும் பெயர்சர்வர் பதிவையும், தளப் பட்டியலில் நிற்கும் வெற்றுப் பெயரையும் கையால் அழிக்க வேண்டும். பழையதின் ஐபி முகவரியைப் புதியதுக்குக் கூடுதலாகக் கொடுத்து, நெட்லாகன் சேவையை மறுபடி தொடங்கினால், கண்ணில் படாமல் போன ஏதோ ஒரு பிரிண்டரும் பிழைத்துக்கொள்ளும். செயல்பாட்டு நிலையை உயர்த்துவது எல்லாக் கிளைகளிலும் பழையவை ஒழிந்த பிறகு.

மிஞ்சியது பெட்டி. காரைக்குடியில் பழைய சாமானுக்கு எப்போதும் ஆள் உண்டு, நல்ல விலையும் பேசுவார்கள். ஆனால் அந்த டிஸ்க்கில் டைரக்டரியின் தரவுத்தளம் முழுதாக இருக்கிறது. ஃபார்மேட் செய்வதால் அது போகாது. டிஸ்க்குகளைக் கழற்றி, முழுக்க மேலெழுதுங்கள் அல்லது துளையிடுங்கள். மிச்சப் பெட்டியை 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். டிஸ்க்குகளின் வரிசை எண், அழித்த தேதி, அழித்தவர் கையெழுத்து மூன்றையும் அந்த ரசீதோடு சேர்த்து, சொத்துப் பதிவேட்டில் அந்தச் சர்வரின் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.